முள்ளங்கி கேட்ட விதம்

“நான் சரியாத்தான் சொன்னேன். அந்தக் கிழவி ஏன் முள்ளங்கி குடுக்கல?”

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் ஆதிமூலம் வகுப்புக்குள் வந்தான். கையில் காலிப் பை.

கொரியாவில், தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சின்ன ஊர் அது. சலவைக் கடை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடக்கும். வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கடைக்குப் போய் அரிசி, முட்டை, சோப்பு வாங்கும் அளவுக்குக் கொரிய மொழி சொல்லித் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

சொல்லித் தந்தவர் மணிமொழி. வயது இருபத்தொன்பது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதைவிட ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்புவதே அவர் வழக்கம்.

ஆதிமூலத்துக்கு நாற்பத்து மூன்று. முசிறிப் பக்கம் சொந்த ஊர். அங்கே பெரிய வீடு, வீட்டுக்கு ஒரு பேர். வயலில் தண்ணீர் பொய்த்த பிறகு அவன் இங்கே வந்து, தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை கம்பெனிச் சாப்பாடு. இந்த மாதம்தான் தனி அறை எடுத்திருந்தான். சாம்பார் வைக்க முள்ளங்கி வேண்டியிருந்தது.

“என்ன சொல்லிக் கேட்டீங்க?” என்றார் மணிமொழி.

“மூ ஜ்வோ.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேபாளக்காரர் தில் பகதூர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மூன்னா முள்ளங்கி. ஜ்வோன்னா குடு. இதுல என்னம்மா தப்பு? எடுத்த முள்ளங்கியத் திரும்ப வச்சிட்டு அடுத்த ஆளுக்கு எடுத்துப் போடுறா. சந்தையே என்னைப் பாக்குது. நம்ம நெறத்தைப் பாத்துட்டுத்தான் இப்படி. நீயும் இங்கதான இருக்க, உனக்குத் தெரியாதா?”

நிறத்தைப் பற்றி மணிமொழி ஒன்றும் சொல்லவில்லை.

“ஜ்வோன்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?”

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கம்பெனியில் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டது என்றான் ஆதிமூலம். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொரிய மொழி ஏறக்குறைய தமிழ் மாதிரியே இருக்கிறது என்று ஊருக்குப் பேசும்போதெல்லாம் சொல்வான். அம்மாவை ஒம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்கிறார்கள். எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது சூப்பர்வைசர் கூப்பிடும் விதம். “யா, இரி வா” என்பான் சூப்பர்வைசர். இங்கே வா என்று அர்த்தம். வா என்றால் வா. கடல் தாண்டி வந்தும் நம்ம வாயில் வருகிற சொல்லைச் சொல்லியே கூப்பிடுகிறானே என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே போவான்.

மணிமொழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க வர்றதுக்கு முன்னாடி சந்தைக்குப் போங்கண்ணா. எதுவும் வாங்காதீங்க. அந்த அம்மா கடைக்கு எதிர்ல ஒரு மணி நேரம் நில்லுங்க. ஒவ்வொருத்தரும் வாக்கியத்தை எந்தச் சத்தத்துல முடிக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.”

“அர்த்தம் புரிய வேணாமா?”

“வேணாம்.”

&nbsp;

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போய் நின்றான்.

நல்ல குளிர். கிழவி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, முள்ளங்கியைக் கூம்பு கூம்பாக அடுக்கி வைத்திருந்தாள். இவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

கோட்டுப் போட்ட ஒருவர் வந்து வெங்காயத்தாள் கேட்டார். யோ என்று முடித்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து விலை கேட்டாள். யோ. பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண் ஒன்று வந்து பச்சை மிளகாயைக் காட்டி என்னமோ கேட்டது. அதுவும் யோ. அதற்குக் கிழவி சொன்ன பதிலும் யோவில்தான் முடிந்தது.

வருகிறவர்களை வரவேற்கும்போது கிழவி ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னாள். ஒசேயோ என்று அது முடிந்தது.

ஒரு மணி நேரத்தில் அவன் கேட்ட யோவுக்குக் கணக்கே இல்லை. யோ இல்லாமல் யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் கொடுக்கவில்லை.

நேராக வகுப்புக்குப் போய், கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னான்.

“யோ. கடைசியில யோ போடணும். அதான?”

“அதான். குடுன்னு கேக்க ஜ்வோ. குடுங்கன்னு கேக்க ஜுசேயோ.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே நீ.”

“சொல்லியிருக்கலாம். இந்த வாரம் கம்பெனியிலயும் இதே மாதிரி கவனிச்சுக் கேளுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்தவர் நோட்டைத் திருத்தப் போய்விட்டார்.

&nbsp;

திங்கட்கிழமை ஆதிமூலம் காதைத் தீட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

சூப்பர்வைசருக்கு இருபத்தாறு வயது இருக்கும். மானேஜரிடம் பேசும்போது யோ போட்டான். அது சரி, மேலதிகாரி. தரை துடைக்கும் அம்மாவிடம் பேசும்போதும் யோ போட்டான். சாப்பாட்டுக் கூடத்தில் சூப் ஊற்றுகிறவரிடமும், இரும்புத் தகடு இறக்க வந்த லாரி டிரைவரிடமும் போட்டான்.

ஆதிமூலம் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

செவ்வாய் போனது. புதனும் போனது. தில் பகதூர் அதே கம்பெனியில்தான் இருந்தார். அவருக்கு ஐம்பது வயது. அவருக்கும் ஒரு யோ வரவில்லை.

வியாழக்கிழமை மதியம், நான்கு மிஷின் தள்ளி நின்றுகொண்டு சூப்பர்வைசர் கூப்பிட்டான்.

“யா, இரி வா.”

இரண்டு வருஷமாகக் கேட்ட அதே குரல். அதில் கோபம்கூட இல்லை. சும்மா பழக்கத்தில் வந்தது.

ஆதிமூலம் போனான். போகாமல் என்ன செய்வது? ஆனால் அந்த நான்கு மிஷின் தூரமும் காது மடல் எரிந்தது. இத்தனை நாள் இந்தச் சொல்லுக்குச் சிரித்துக்கொண்டு போனோமே என்று நினைத்தான். அந்தச் சிரிப்பை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்றும் நினைத்தான். அன்று சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தான்.

&nbsp;

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவன் மாடிக்கு வந்துவிட்டான். மணிமொழி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டேய், இங்க வாடா. அதான அதுக்கு அர்த்தம்?”

மணிமொழி திரும்பிப் பார்த்தார்.

“கிட்டத்தட்ட அதான்.”

“அப்ப அந்தக் கிழவிகிட்ட நான் கேட்டது?”

“உங்க அம்மா வயசுல ஒருத்தங்ககிட்ட, ஏய், முள்ளங்கி குடுன்னு கேட்டிருக்கீங்க.”

ஆதிமூலம் நாற்காலியில் உட்கார்ந்தான். கிழவிக்கு முன்னால் தலைகுனிந்ததைவிட, அந்தப் பொடிப்பயலுக்கு முன்னால் இரண்டு வருஷம் பல்லைக் காட்டியதுதான் அவனைத் தின்றது. அது மெல்ல மெல்லக் கோபமாக ஏறியது. தன் வயது என்ன, அவன் வயது என்ன என்றான். தன் அப்பா தெருவில் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள் என்றான்.

“எங்க ஊர்ல ஒருத்தன் என்னை வா போன்னு பேசிட முடியுமா? உனக்குத் தெரியாது.”

“தெரியும்ணா” என்றார் மணிமொழி.

அதற்குள் மற்றவர்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

&nbsp;

அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பயிற்சி.

மணிமொழி பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் ‘வா’ என்பதற்கான கொரியச் சொல்லை எழுதினார். வலப்பக்கம் ‘வாங்க’ என்பதற்கு ஒசேயோ. அவரவர் மொழியிலும் இந்த இரண்டையும் எழுதச் சொன்னார். நேபாளியில் இருந்தது. பர்மிய மொழிக்காரரும் ஏதோ யோசித்து எழுதினார். பிறகு அந்தந்தச் சொல்லுக்குக் கீழே, ஊரில் யார் யாரை அப்படிக் கூப்பிடுவோமோ அவர்கள் பெயரை எழுத வேண்டும்.

“யோசிக்காதீங்க. வாயில வர்றபடியே எழுதுங்க” என்றார்.

ஆதிமூலம் வலப்பக்கத்தை வேகமாக நிரப்பினான். பெரியப்பா, மாமா, வாத்தியார், வங்கி மானேஜர், டாக்டர். அக்கா வீட்டுக்காரர். இடம் போதவில்லை.

பிறகு இடப்பக்கம் வந்தான். மனைவி, மகள், தம்பி, கூடப் படித்தவர்கள்.

முடிவெட்டும் பழனியாண்டி. அவருக்கு எழுபது வயது. எழுதினான்.

பம்ப்செட் பார்த்துக்கொள்ளும் சின்னான். அவரும் அப்பா வயதுதான். எழுதினான்.

கீரை கொண்டுவரும் அஞ்சலை. கொல்லைப்புறப் படலுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுப்பாள். அவன் நாலு வயதில் “ஏ அஞ்சலை, வா” என்று மழலையில் கூப்பிட்டதை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்போதே அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அந்தப் பெயரை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. இருந்தாலும் எழுதிவிட்டான்.

வாயில் வருகிறபடியே எழுதச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? அடுத்து வந்த பெயர் மணிமொழி.

‘ம’ என்ற எழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்தினான்.

வயதில் சின்னப் பெண், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மனம் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் நினைவுக்கு வந்துவிட்டது. இந்த மாடியில் திடீரென்று தமிழ்க் குரலைக் கேட்டு, கண் கலங்க, “நீங்க தமிழாங்க?” என்று ஓடிப்போய்க் கேட்டவன் அவன்தான். எந்த ஊருங்க என்று கேட்டான். சொன்னார். அந்த ஊர் அவனுக்குத் தெரிந்த ஊர். ஊருக்குள் எந்தத் தெருங்க என்று கேட்டான். காலனிங்கண்ணா என்று சொன்னார். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஓ என்றான் அவன். அதற்கு அடுத்த வாக்கியத்தில் ‘நீ’ வந்துவிட்டது.

அவன் அதை முடிவு செய்து சொல்லவில்லை. சூப்பர்வைசர் சொல்வது போலத்தான், கோபமில்லாமல், பழக்கத்தில் வந்தது. அவர் அதைக் கவனித்திருப்பாரா என்று இத்தனை நாள் அவன் நினைக்கக்கூட இல்லை. நினைக்கத் தோன்றவே இல்லை.

மணிமொழி வரிசையாக வந்து தாள்களை வாங்கினார். தில் பகதூரிடம் வாங்கினார். பர்மாக்காரரிடம் வாங்கினார்.

ஆதிமூலம் தன் தாளின் மேல் கையை வைத்து மூடியிருந்தான்.

மணிமொழி அவனுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். கையை நீட்டவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

&nbsp;

அதற்குப் பிறகு அந்த வகுப்பு முடியும் வரை ஆதிமூலம் பேசிய தமிழ் விநோதமாக இருந்தது. நீ என்று வரவில்லை. நீங்க என்று சொல்லவும் முடியவில்லை. திடீரென்று மாற்றினால் ஏன் மாற்றினான் என்பது தெரிந்துபோகும். அதனால் ஆளே இல்லாமல் பேசினான். “அந்தப் புத்தகம் கிடைக்குமா?” என்றான். “இதை எப்படி எழுதணும்?” என்றான். “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்தான்.

மணிமொழி தலையசைத்தார்.

படியில் பாதி இறங்கியவன் நின்றான். திரும்ப ஏறி வந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

“முதல் நாளே தெரியும், இல்ல?” என்றான்.

“என்னண்ணா?”

வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மணிமொழி பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். வலப்பக்கத்தை முழுக்கத் துடைத்தார். இடப்பக்கத்தைத் துடைத்தார்.

“சந்தை இன்னும் மூடியிருக்காது” என்றார். “முள்ளங்கி வேணும்னு சொன்னீங்களே.”

&nbsp;

சந்தைக்குப் போகிற வழியெல்லாம் அந்த மூன்று சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். இவனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

ஆதிமூலம் இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டான்.

“மூ ஹனா ஜுசேயோ.”

ஒரு முள்ளங்கி கொடுங்கள்.

உச்சரிப்பு நன்றாக இல்லை. அந்த அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுக்கின் மேலிருந்த முள்ளங்கியை விட்டுவிட்டு, உள்ளே கையை விட்டுத் தேடி, இலை வாடாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எதையோ கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அதன் கடைசியில் யோ இருந்தது.

மறியல் போல் வந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றும் அளவுக்கு அவன் அங்கேயே நின்றான். வகுப்பில் படித்திருந்த மன்னிப்புச் சொல் நீளமானது. தடுக்கித் தடுக்கி அதைச் சொன்னான். அந்த அம்மா கையை அசைத்து, போ போ என்பது போல லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரே வாரத்தில் கற்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு எளிதாக மன்னித்துவிட்டார்களே என்றிருந்தது.

&nbsp;

அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தான். இங்கே மதியம் இரண்டு மணி. ஊரில் காலை வெயில்.

மகள் தாரணி எடுத்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடந்துகொண்டே பேசினாள். திரையில் கொய்யாமரம் வந்தது, துணி காயும் கொடி வந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம், பேர் கொடுத்திருக்கிறாளாம்.

நடுவில் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“ஏ அஞ்சலை, அங்கயே வை. அம்மா வரும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் போட்டிக்கு வந்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆதிமூலத்துக்குப் போட்டியைப் பற்றி எதுவும் காதில் விழவில்லை. அவளைத் திட்ட வாய் வந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லை அவள் யாரிடமிருந்து காதால் கேட்டுக் கற்றுக்கொண்டாள்?

“போனை அவங்ககிட்ட குடு” என்றான்.

“யாருகிட்ட?”

“கீரை கொண்டாந்திருக்காங்கல்ல. அவங்ககிட்ட.”

“அஞ்சலைகிட்டயா? எதுக்குப்பா?”

“குடும்மா.”

தாரணி படல் வரைக்கும் போய், போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நீட்டினாள். திரையில் வெயில் தெரிந்தது, கீரைக் கூடை தெரிந்தது. பிறகு அஞ்சலை தெரிந்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. எப்போது வெளுத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

ஆதிமூலம் வாயைத் திறந்தான்.

சந்தையில் கொரியச் சொல் வந்துவிட்டது. இது வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை யார் யாரிடமோ சொன்ன சொல்தான். இந்த முகத்துக்கு நேராக அதை ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருமையில் கேட்டுவிட்டு வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் அதைத்தான் எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா” என்றான். “நல்லா இருக்கீங்களா?”

அஞ்சலை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“யாரக் கேக்குறீங்க சின்னய்யா?”